முதல் காட்சியில் மீனம்மா சாக வேண்டும்

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல்கணக்குப் பிரிவு லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளில், ஆடி பிறந்த நேரத்தில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுத்தான். மீனம்மா படத்தில் நடிக்கப் போகிறாள். அதுவும் சாகிறவளாக நடிக்கப் போகிறாள். அதிலும் முதல் நாளே சாகப் போகிறாள்.

மீனம்மாவை அறிந்தவர்களுக்கு இது நம்ப முடியாத சேதி. ஐம்பதைத் தாண்டிய மனுஷி, கொழுந்து பறிக்கிறவள். செவ்வாயும் வெள்ளியும் மாரியம்மன் கோயில் வாசலைக் கூட்டித் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கங்காணி எவ்வளவு சத்தம் போட்டாலும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வாள். அவள் பேசுவது பக்கத்து நிரையில் பறிக்கிறவளுக்குக்கூடக் கேட்காது என்பார்கள். ஆனால் ஒன்று. ஒரு காரியத்துக்குச் சரி என்று தலையை ஆட்டிவிட்டால், அந்தத் தலை பிறகு வேறு பக்கம் ஆடாது.

ஆட்ட வைத்தவள் பிரேமினி, மீனம்மாவின் நாத்தனார் மகள். கொட்டகலையில் சரிபுதீன் நானாவின் ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடுக்கிற வேலை. வருஷக்கணக்காக ஊரார் தாலி கட்டுவதைப் படம் பிடித்துப் பிடித்து, சொந்தமாக ஒரு கதையைப் படம் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு வந்திருந்தது. லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, தன் பேரில் ஒரு வீட்டுக்காக அலைந்து, அந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் செத்துப்போகிற ஒரு தாயின் கதை.

"அத்த, நீங்கதான் அந்தத் தாய்" என்று ஒரு நாள் வந்து நின்றாள்.

"நானா? எனக்கு நடிப்பெல்லாம் தெரியாதும்மா."

"ரோட்டுல வேன நிப்பாட்டிட்டு வெள்ளக்காரங்க எறங்கி வந்தா பல்லக் காட்டிச் சிரிக்கிறீங்களே. கால்ல அட்ட கடிச்சுக்கிட்டு இருக்கும், சிரிப்பீங்க. அது நடிப்பு இல்லாம என்னா?"

மீனம்மாவுக்கு அந்தச் சொல் எங்கோ போய்த் தைத்தது. உண்மைதான். மெயின் ரோட்டோரத்து மலையில் நிரை போட்டால் அன்றைக்கு நாலு பேராவது வந்து படம் எடுக்காமல் போக மாட்டார்கள். கூடையை இப்படி வை, கையை அப்படி வை என்று சைகை காட்டுவார்கள். அவளும் வைப்பாள். வேன் போய்விடும். எந்தெந்த தேசத்தில் எந்தெந்தச் சுவரில் தொங்குகிறாளோ, அந்த மாரியம்மனுக்குத்தான் வெளிச்சம். ஒரு படத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. ஒருத்தர்கூடப் பேரைக் கேட்டதில்லை.

"இதுல நான் பேசவும் செய்வேனா?" என்று கேட்டாள்.

"நீங்க பேசுறதுதான் அத்த படமே."

"எடுத்துட்டு எனக்குக் காட்டுவியா?"

"மொதல்ல உங்களுக்குத்தான்."

மீனம்மா தலையை ஆட்டினாள்.

ஆட்டிய பிறகுதான் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் சிக்கல் கெமரா. நல்ல கெமரா ஸ்டூடியோவில் ஒன்றுதான் இருந்தது. சரிபுதீன் நானா தங்கமான மனுஷன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது இது: "ஆடியில உங்கட ஆக்கள் கல்யாணம் வைக்க மாட்டாங்கதானே. அது சும்மாதான் கெடக்கும், கொண்டு போ. ஆவணி பொறக்கக்குள்ள என்ட கையில ஈக்கணும். மழையில நனஞ்சிச்செண்டா நீ என்ட மொகத்துல முழிக்காத."

ஆக, படம் ஆடிக்குள் முடிய வேண்டும். மலைநாட்டு ஆடி எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் விழுகிற மழை மாலையில் வேறு மழைக்கு இடம் கொடுத்துவிட்டுத்தான் போகும்.

இரண்டாவது சிக்கல் அம்மாள். ஆடி மூன்றாம் வெள்ளியில் கோயிலில் காப்புக் கட்டு. மீனம்மா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து காப்புக் கட்டிப் பால்குடம் எடுக்கிறவள். காப்புக் கட்டிவிட்டால் மாமிசம் கூடாது, செருப்புக் கூடாது, சாவு வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது.

"இது பொய்ச் சாவுதானே அத்த" என்றாள் பிரேமினி.

"அம்மாளுக்கு அது தெரியும். என் மனசுக்குத் தெரியணுமே. கையில காப்போட நான் பொணமாப் படுக்க மாட்டேன்."

"அப்ப என்னா செய்யிறது? நீங்க சாகாட்டி கத முடியாது."

மீனம்மா விரல் மடித்து நாளை எண்ணினாள். "காப்புக் கட்டுறதுக்கு முன்னால செத்துர்றேன். சாவ மொதல்ல எடுத்துரு. வாழுறத அப்பறம் எடுத்துக்கலாம்."

முதல் காட்சியே சாவா என்று கேட்டவர்கள் எல்லாம் வாயில் கை வைத்தார்கள். நல்ல காரியத்தைத் தேங்காய் உடைத்துத் தொடங்குவார்களா, பிணத்தைக் கிடத்தித் தொடங்குவார்களா? மீனம்மாவுக்குமே அந்த உறுத்தல் இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது பூவாக்குக் கேட்கலாம் என்று செம்பருத்தியும் மல்லிகையும் தனித்தனியாக இலையில் மடித்து எடுத்துப் போனாள். அம்மாள் முன்னால் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னால் போதும். சிவப்பு வந்தால் ஒன்று, வெள்ளை வந்தால் ஒன்று. நெடுநேரம் நின்றாள். பிறகு இரண்டு பொட்டலத்தையும் பிரித்து எல்லாப் பூவையும் அம்மாளின் காலடியில் கொட்டிவிட்டாள். "நான் கேக்கல தாயே. கேட்டா நீ வேணாம்னு சொல்லிட்டீன்னா என்னால மீற ஏலாது. தடுக்கணும்னு நெனச்சா நீயே தடு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மூன்றாவது சிக்கல் புருஷன். வீரய்யா ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற பெக்டரியில், வேலை. கோபக்காரர் இல்லை. ஆனால் இதைக் கேட்டதும் சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்துவிட்டார்.

"நான் உசுரோட இருக்கப்ப உன்னிய பொணமாக் கெடத்திப் பாக்கணுமா?"

"நீங்க பாக்க வேணாம். அன்னைக்கு டவுனுக்குப் போயிருங்க."

"ஊரு பாக்குமில்ல?"

"பாக்கட்டும். பொட்டு அழிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். தாலி கழட்ட மாட்டேன். கால் கட்டுப் போடக்கூடாதுன்னும் சொல்லிட்டேன், பால்குடம் எடுக்குற காலு. எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டா. போர்வைய இழுத்து மூடிருவாளாம்."

"எதையோ செய்யி" என்று சொல்லிவிட்டு வீரய்யா பேச்சை நிறுத்திக்கொண்டார். மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் பேசவில்லை. ஒரே காம்பராவில் ஒரே அடுப்பில் காய்ச்சிக் குடித்துக்கொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். மீனம்மா உள்ளுக்குள் உருகினாள். ஆனால் ஆட்டிய தலையை மாற்றி ஆட்டவில்லை.

மற்ற ஏற்பாடுகள் நடந்தன. சாவு வீட்டு வெள்ளைக் கொடி கட்ட மூங்கில் வெட்டியாயிற்று. பிரதாப் என்ற ஓட்டோக்காரர் சாமான் ஏற்றி இறக்கவும் மைக் பிடிக்கவும் சம்மதித்தார். சவப்பெட்டிக்குத்தான் வழி பிறக்கவில்லை. டவுனில் பெட்டிக் கடைக்காரரிடம் ஒரு நாளைக்கு வாடகைக்குத் தாருங்கள் என்று பிரேமினி கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு தடவை பார்த்தார். "மகள், இந்தக் கடைய விட்டுப் போன பெட்டி ஒண்ணும் இதுவரைக்கும் திரும்பி வந்தது கெடையாது. வந்தாலும் நான் எடுக்க மாட்டேன்" என்றார். பிரேமினி திரும்பி வந்து கதையில் பெட்டியை எடுத்துவிட்டாள். தாய் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், வாசல் பக்கத்து மரக்கட்டிலில் கிடப்பாள். தலைமாட்டில் விளக்கு. போதும்.

இனித்தான் பெரிய தவறு நடந்தது.

காட்சிக்குத் தப்பு மேளம் வேண்டும். தோட்டத்தில் திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்படிக்கிறவர் செல்லசாமி அண்ணன். ஒத்திகைக்கு என்று ஒரு வேலை நாளில் அவரை வரச் சொன்னார்கள். மீனம்மாவும் அன்றைக்குப் பெரட்டுக்குப் போகவில்லை. செல்லசாமி அண்ணன் தப்பை நெருப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு கேட்டார்.

"எந்த அடி அடிக்கட்டும்?"

"சாவு வீட்டு அடிதாண்ணே. மைக்குல எப்பிடி விழுதுன்னு பாப்போம்" என்றாள் பிரேமினி.

"இப்பவா? ஆளுக மலையில இருக்காங்களே."

"இந்த மழையில யாருக்குண்ணே கேக்கப் போகுது? சும்மா ஒரு தடவ."

செல்லசாமி அண்ணன் மழையைப் பார்த்தார். அடித்தார். நாலு அடி விழுந்திருக்கும், அதுவரைக்கும் கொட்டிக்கொண்டிருந்த மழை யாரோ பீலியை, மலைத் தண்ணீர் விழுகிற குழாயை, அடைத்தது மாதிரி நின்றுவிட்டது. மலைக்கு மலை எதிரொலித்துக்கொண்டு அந்தச் சத்தம் போனது.

தோட்டத்தில் சாவு அடி கேட்டால் என்ன நடக்கும் என்பது பிரேமினிக்கும் தெரியும், மீனம்மாவுக்கும் தெரியும். படத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில் இருவருக்கும் தோன்றாமல் போய்விட்டது. மேலே மலையில் கைகள் அப்படியே நின்றன. எந்த லயத்திலிருந்து வருகிறது என்று காது வைத்துக் கேட்டார்கள். மீனம்மாவின் லயம். மீனம்மா இன்றைக்குப் பெரட்டுக்கு வரவில்லை. அவ்வளவுதான். நிரையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மலையே இறங்கியது.

"அண்ணே நிப்பாட்டுங்க, ஆளுக வர்றாங்க!" என்று பிரேமினி கத்தினாள்.

"சாவு அடியப் பாதியில நிப்பாட்டக் கூடாதும்மா, அது இன்னொரு சாவக் கூப்புடும்!" என்று செல்லசாமி அண்ணன் அடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

கூடையும் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்குமாகச் சேற்றில் சறுக்கிக்கொண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தவள் பக்கத்துக் காம்பரா ராக்காயி. பீலியில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்று வந்த சண்டையில் மீனம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாமல் வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த ராக்காயி மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"அடியே மீனம்மா! பீலித் தண்ணிய நீயே புடிச்சுக்கடி! ஒரு வாளி எனக்கு வேணாம்டி! எந்திரிச்சு வாடி!"

இஸ்தோப்பில் மீனம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

ராக்காயி வாசலில் நின்றாள். வாய் திறந்தபடியே இருந்தது. பின்னால் வந்தவர்கள் அவள் முதுகில் வந்து மோதினார்கள். அடி முடிந்து தப்பும் நின்றது. ராக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செத்துத் தொலஞ்சேன்னு நெனச்சேன். அதுக்கும் குடுத்து வைக்கல எனக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் தன் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

எல்லாருக்கும் கடைசியாக வந்தவர் வீரய்யா. ஸ்டோரிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார். உடம்பெல்லாம் தேயிலைத் தூள். பெண்டாட்டி நிற்பதைப் பார்த்தார். படியில் உட்கார்ந்துவிட்டார். மீனம்மா கையிலிருந்த தேத்தண்ணியைக் கொடுத்தாள். வாங்கினார். ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையைப் படியில் வைத்தார்.

பின்னேரமே கணக்கப்பிள்ளை வந்து, தோட்ட மேனேஜரான பெரிய துரையின் உத்தரவைச் சொல்லிவிட்டுப் போனார். அரை நாள் வேலை கெட்டது. இனித் தோட்டத்தில் கெமரா கண்ணில் படக்கூடாது.

எல்லாரும் போன பிறகு பிரேமினி மெல்ல மடிக்கணினியைத் திறந்தாள். "அத்த, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே? கெமரா ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. எல்லாம் விழுந்துருக்கு. பாருங்க."

மீனம்மா பார்த்தாள். பச்சை மலையிலிருந்து ஊரே உருண்டு வருவது தெரிந்தது. ராக்காயியின் முகம் திரை நிறைய வந்தது. அந்த முகத்தில் இருந்தது நடிப்பு இல்லை. மீனம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு மேல ஒரு சாவுக் காட்சி யாராலயும் எடுக்க ஏலாது அத்த. தொர வேணாம்னு சொன்னாலும் பரவாயில்ல. இது போதும் நமக்கு."

"அவங்களக் கேட்டியா?"

"எவங்கள?"

"ஓடி வந்தவங்கள. வேன்ல வர்றவங்க கேக்காமத்தான் புடிச்சுட்டுப் போறாங்க. நீயும் கேக்காமப் புடிச்சீன்னா உனக்கும் அவங்களுக்கும் என்னா வித்தியாசம்? நான் செத்துட்டேன்னு நெனச்சு அழுதவ மொகம் அது. அவ குடுத்தாத்தான் எடுக்கணும்."

பிரேமினிக்கு முகம் சுண்டிவிட்டது. "கேட்டு அவங்க முடியாதுன்னு சொன்னா?"

"வேற எடுப்போம்."

"எப்ப அத்த? எங்க? தோட்டத்துலயே ஏலாதுன்னுட்டாங்க. காப்புக்கு வேற நாள் நெருங்கிருச்சு."

"அத நான் பாத்துக்கிறேன்" என்றாள் மீனம்மா. சொன்னபோது அவளுக்கு எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியாது.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் மீனம்மா வரிசையை விட்டு வெளியே வந்து நின்றாள். அப்படி அவள் நின்றதை யாரும் பார்த்ததில்லை. பெரிய துரையின் ஜீப் வந்தது. துரை அவளைப் பார்த்து, "மொகத மே?" என்று சிங்களத்தில் என்ன சங்கதி என்று கேட்டுவிட்டு, அவருக்குத் தெரிந்த தமிழில், "நேத்து யார் செத்தது?" என்றார்.

"நான்தாங்க தொர" என்றாள் மீனம்மா.

பின்னால் நின்றவர்கள் சிரிப்பை அடக்க இருமினார்கள். மீனம்மா சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"தொர, சாவு அடி கேட்டா எங்க ஆளுக வேலையப் பாக்க மாட்டாங்க. அது கொழுப்பு இல்லங்க, எங்க பழக்கம். ஓடி வந்தவங்க மேல குத்தமில்ல. தப்ப அடிச்சதும் தப்பில்ல. சொல்லாம அடிச்சதுதான் தப்பு. அந்தத் தப்பு என்னுது. நேத்து விட்டுட்டு வந்த நெரைய இன்னைக்கு நாங்களே முடிச்சுத் தர்றோம், வர்ற வழியிலயே எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். எனக்கு ஒரே ஒரு நாள் குடுங்க."

'தப்பு' என்ற சொல் இத்தனை தடவை வந்ததில் துரைக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே சிங்களத்தில் விளக்கினார். துரையின் உதடும் கொஞ்சம் இளகியது.

"இரிதா" என்றார். "ஞாயித்துக்கெழம. வேலை நாள்ல தப்பு இல்ல. அடிக்க முந்தி எல்லாருக்கும் சொல்லணும்."

காப்புக் கட்டுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதன் பிறகு மீனம்மா வேலை முடிந்து கூடையை இறக்கிவைத்ததும், பிரேமினியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மடிக்கணினியைத் திறந்து அவரவர் முகத்தை அவரவருக்குக் காட்டி, இதைப் படத்தில் போடலாமா என்று கேட்டாள். சிலர் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். "நான் இம்புட்டுக் குண்டா?" என்று ஒருத்தி மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். சறுக்கி விழுந்ததைப் பார்த்த ஒருவர், விழுந்ததை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றார். முக்கால்வாசிப் பேர் சரி என்றார்கள்.

கடைசியாக ராக்காயியின் கதவு. மீனம்மா தட்டினாள். ராக்காயி எட்டிப் பார்த்தாள். மீனம்மாவைப் பார்க்காமல் பிரேமினியைப் பார்த்துப் பேசினாள்.

"நான் அழுதத ஊருக்குக் காட்டுறதுக்கா? ஏலாது. எடுத்துரு."

"எல்லாத்துலயும் நீங்கதான் முன்னால இருக்கீங்க பெரியம்மா. உங்கள எடுத்தா ஒண்ணுமே மிஞ்சாது" என்றாள் பிரேமினி, அழுகிற குரலில்.

"மிஞ்சாட்டிப் போகட்டும். நான் ஒண்ணும் இவளுக்காக ஓடல. இவ போயிட்டா பீலிக்கரையில சண்ட போட எனக்கு ஆளில்லாமப் போயிருமேன்னு ஓடுனேன்."

மீனம்மா மடிக்கணினியை மூடினாள். பிறகு, "சரி ராக்காயி. எடுத்துர்றோம். ஞாயித்துக்கெழம மறுபடி எடுக்கிறோம். இஷ்டமிருந்தா வா. அழ வேணாம், சும்மா வந்து நின்னாப் போதும்" என்றாள். ராக்காயியின் பேரை அவள் வாயால் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

படியிறங்கும்போதே பிரேமினி அந்தப் படத்தை அழித்தாள். மீனம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு அடுப்படியில் வீரய்யா முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கெழம தப்பு அடிக்கிறதுக்கு முன்னால யாரு சொல்றது?"

"பிரேமினி சொல்லுவா."

"அவ சொன்னா யாரு நம்புவா? நான் சொல்றேன். கோயில் ஸ்பீக்கருல நானே சொல்றேன்." ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் ஓடி வந்த மாதிரி இன்னொரு வாட்டி எவனும் ஓடி வரக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மழை இல்லை. பனிமூட்டம் மட்டும் இருந்தது. மீனம்மா குளித்து, கோயிலுக்குப் போய் விபூதி பூசிக்கொண்டு வந்து, இஸ்தோப்புக் கட்டிலில் படுத்தாள். நெற்றியில் பொட்டு, தலையில் பூ, கழுத்தில் தாலி. பிரேமினி போர்வையை இழுத்துவிட்டாள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. பிரதாப் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றார். கெமராவுக்கு மேலே குடை.

கோயில் ஸ்பீக்கர் கரகரத்தது. வீரய்யாவின் குரல் மலையெல்லாம் கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்டோரு வீரய்யா பேசுறேன். இப்ப தப்புச் சத்தம் கேக்கும். யாரும் பயப்புட வேணாம். எம் பொண்டாட்டி மீனம்மா சாகல. நல்லா இருக்கா. காலையில கஞ்சி குடிச்சா. படத்துக்குத்தான் படுத்திருக்கா. வர்றவங்க மலைக்குப் போற உடுப்போட, கூடையோட வாங்க. அவ சாகலங்கிறத மறுபடியும் சொல்லிக்கிறேன்."

கட்டிலில் கிடந்த பிணம் குலுங்கிச் சிரித்தது. "அத்த, அசையாதீங்க!" என்று பிரேமினி அதட்டினாள்.

ஆட்கள் வந்தார்கள். ஆனால் எப்படி வந்தார்கள்? பட்டுச் சேலை, முகத்தில் பவுடர், தலை நிறையப் பூ. ஒருத்தி கூலிங் கிளாஸ்கூடப் போட்டிருந்தாள். படம் எடுக்கிறார்கள் என்றால் நல்ல உடுப்பு உடுத்தாமல் எப்படி வருவது? பிரேமினி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மீனம்மாவால் பொறுக்க முடியவில்லை. போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி, நான் செத்துக் கெடக்குறேன், நீங்க கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி வந்து நிக்கிறீங்களே! அன்னைக்கு எப்பிடி ஓடி வந்தீங்க?"

"அன்னைக்கு நெசம்னு நெனச்சோம் அக்கா!" என்று கூலிங் கிளாஸ்காரி சொன்னாள்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "போங்கடி, போய் மாத்திக்கிட்டு வாங்கடி! பவுடரு பூசிக்கிட்டு ஒப்பாரியா?" ராக்காயி நின்றாள். தலையில் மழைக்குப் போடுகிற கொங்காணி, முதுகில் கூடை, இடுப்பில் படங்கு. படங்கில் பழைய கொழுந்துக் கறை. அப்படி வந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

எல்லாரும் ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள். மேலே மலை ஓரத்தில் போய் நின்றார்கள். மீனம்மா மறுபடி படுத்துக் கண்ணை மூடினாள். செல்லசாமி அண்ணன் தப்பை எடுத்தார். பிரேமினி கையைக் காட்டினாள்.

தப்பு விழுந்தது. மலையிலிருந்து காலடிச் சத்தம் இறங்கி வந்தது. மூடிய கண்ணுக்குள் மீனம்மாவுக்கு எல்லாம் கேட்டது. எல்லாருக்கும் முன்னால் வந்த காலடி கட்டிலண்டை வந்து நின்றது. அன்றைக்கு மாதிரிக் கத்தல் இல்லை. சேற்றுக் கை ஒன்று அவள் கன்னத்தைத் தொட்டது. அந்தக் கை சில்லென்று இருந்தது. மெதுவான குரல், மைக்குக்குக் கேட்டதோ இல்லையோ, மீனம்மாவுக்குக் கேட்டது.

"ஒரு வாளி நீ, ஒரு வாளி நான். சரியாடி?"

பிணம் பதில் சொல்லக் கூடாது. மீனம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆனால் மூடிய கண்ணின் ஓரத்தில் ஒரு சொட்டு இறங்கியதை அவளால் தடுக்க முடியவில்லை.

செல்லசாமி அண்ணன் அடியை முழுசாக அடித்து முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். பிரேமினி ஓடி வந்தாள். சொன்ன சொல் தவறாமல் கெமராவின் சின்னத் திரையை முதலில் மீனம்மாவுக்குத் திருப்பினாள். பக்கத்தில் ராக்காயி எட்டிப் பார்த்தாள். கோயிலிலிருந்து வந்த வீரய்யா தள்ளி நின்று எட்டிப் பார்த்தார்.

மீனம்மா தன் முகத்தைப் பார்த்தாள். விபூதி, பொட்டு, மூடிய கண்கள். எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டு போன முகம் இதுதானா என்று பார்த்தாள்.

"பொணம் அழுதுருச்சு அத்த" என்றாள் பிரேமினி. "இன்னொரு தடவ எடுக்கணும்."

"எடு. எத்தன தடவ வேணும்னாலும் எடு. காப்புக்கு முன்னால இது முடியணும்." மீனம்மா போர்வையைச் சரி செய்துகொண்டு படுத்தாள். பிறகு ஞாபகம் வந்தவளாகத் தலையைத் தூக்கினாள். "இது முடிஞ்ச கையோட அடுத்தத எடுத்துரு. நான் கண்ணத் தொறந்து பேசுறது."